அத்தியாயம் 7: ஓட்டத்தின் நடுவே ஒரு கம்பி

கோலா கங்சார் மாவட்ட அலுவலகத்துக்குப் பக்கத்தில் வேலி கட்டிய கித்தா மரம் ஒன்று நிற்கிறது. 1877-இல் இந்த ஊரில் ஒன்பது கன்றுகளை நட்டார்கள். அவற்றில் மிஞ்சியது இது ஒன்றுதான் என்பார்கள். நம் பாட்டன்மாரைக் கப்பலேற்றிக் கொண்டுவந்த மரம். காலை ஆறே முக்காலுக்கு அதன் அருகே நின்று காலணிக் கயிற்றை இறுக்குவது என் வழக்கம். வரலாற்றுப் பற்று என்று நினைத்துவிட வேண்டாம். அந்த நேரத்தில் அங்கே காரை நிறுத்த இடம் கிடைக்கும், அவ்வளவுதான்.

இதுவரை வந்த அத்தியாயங்களில் மெதுவோட்டத்தை மட்டும் பார்த்தோம். இந்த அத்தியாயம், ஓட்டத்தை நடுநடுவே நிறுத்தி, சொந்த உடம்பின் எடையையே பளுவாக வைத்துச் செய்யும் பயிற்சியைப் பற்றியது. பூங்காக்களிலும் ஆற்றங்கரைகளிலும் நகராண்மைக் கழகம் நட்டு வைத்திருக்கும் கம்பிகளையும் பலகைகளையும் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலும் பிள்ளைகள் ஊஞ்சலாடுவதற்கும், பெரியவர்கள் துண்டு காயப்போடுவதற்கும்தான் அவை பயன்படுகின்றன.

இந்த யோசனைக்கு வயது நூறுக்கு மேல். பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி ஜார்ஜ் எபேர், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே, ஓடுவது, தாண்டுவது, ஏறுவது, தூக்குவது எல்லாவற்றையும் ஒரே பாதையில் கோத்துப் பயிற்சி கொடுத்தார். 1968-இல் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில், காட்டுப் பாதை நெடுக நிறுத்தங்கள் வைத்து, ஒவ்வொன்றிலும் செய்ய வேண்டியதைப் படம் வரைந்த பலகையில் காட்டி, 'வீட்டா பார்க்கூர்' என்று பெயரிட்டார்கள். வீட்டா என்பது செலவை ஏற்றுக்கொண்ட ஆயுள் காப்புறுதி நிறுவனத்தின் பெயர். ஆயுளுக்குப் பணம் கட்டுகிறவர் சீக்கிரம் போய்விட்டால் நட்டம் யாருக்கு என்று யோசித்தால் அந்தத் தாராளம் புரியும். இன்று அந்தச் சின்ன நாட்டில் மட்டும் அப்படிச் சுமார் 500 பாதைகள் இருக்கின்றன. அங்கிருந்து கிளம்பிய யோசனைதான் உலகைச் சுற்றி, நம் வீட்டு வாசலில் பச்சையும் மஞ்சளும் பூசிக்கொண்டு நிற்கிறது.

ஓடுகிறவருக்குக் கை வலிமை எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. ஓடும்போது ஒவ்வொரு காலடியிலும் உடல் எடையைப்போல் இரண்டு மூன்று மடங்கு பாரம் காலில் இறங்குகிறது. நிமிடத்துக்கு நூற்றறுபது தடவை அப்படி. அதைத் தாங்க வேண்டியது முட்டி எலும்பு அல்ல, தொடையும் பிட்டமும் கெண்டைக்காலும். அவை தளர்ந்தால் முட்டி வலிக்கிறது. ஆள் ஓட்டத்தை விட்டுவிடுகிறார். மேலுடம்பு தளர்ந்தால், மூன்றாவது கிலோமீட்டரில் தோள் முன்னால் குவிந்து மூச்சு சிறுக்கிறது. நாற்பது வயதுக்கு மேல் தசை தானாகவே குறைந்துகொண்டு வரும் என்பது வேறு. சர்க்கரையையும் மறக்கக் கூடாது. 2019-இல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் ஏறக்குறைய ஐவரில் ஒருவருக்கு நீரிழிவு. நம் மக்களிடையே அது மற்றவர்களைவிடக் கூடுதல். இரத்தத்தில் இருக்கும் சர்க்கரையை எடுத்துக்கொள்ளும் பெரிய கிடங்கு தசைதான். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட பரிந்துரையும் வாரத்துக்கு 150 நிமிட மிதமான உழைப்போடு நிற்காமல், இரண்டு நாளாவது தசைக்கு வேலை கொடு என்று சேர்த்துச் சொல்கிறது. அந்த இரண்டாவது பாதியைத்தான் நம்மில் பெரும்பாலோர் காதில் போட்டுக்கொள்வதில்லை.

எங்கள் அம்மாவுக்கு இந்தக் கணக்கெல்லாம் தேவைப்படவில்லை. விடியுமுன் பெரட்டுக்குப் போய், தலையில் விளக்கைக் கட்டி, நானூறு ஐந்நூறு மரத்துக்குக் குனிந்து நிமிர்ந்து கத்தி போட்டு, திரும்பவும் அதே நிரையில் மங்கு மங்காகப் பாலைச் சேர்த்து, காண்டாவில் இரண்டு வாளியைத் தொங்கவிட்டு ஸ்டோருக்கு நடந்தவர். நிறுத்தி நிறுத்தி வேலை, நடுவில் நடை. பார்த்தால் இந்த அத்தியாயத்தின் திட்டமே அதுதான். வித்தியாசம் என்னவென்றால், அம்மாவுக்கு ஓய்வு நாள் அவர் கையில் இல்லை. உங்களுக்கு இருக்கிறது.

எதைத் தொடுவது, எதை விடுவது

பூங்காவில் எட்டுக் கருவி இருந்தால் எட்டையும் ஒரு சுற்று செய்துவிட்டு வருவதுதான் எல்லாரும் செய்யும் பிழை. ஐந்து அசைவு போதும்: ஒன்றைத் தள்ளுவது, ஒன்றை இழுப்பது, காலால் எழுவது, உடம்பை விறைப்பாக நிறுத்துவது, சமநிலை. மற்றவை அலங்காரம்.

நின்றபடி காலை முன்னும் பின்னும் வீசும் கருவியில் நம்மவர்கள் அரை மணி நேரம் அரட்டை அடிப்பார்கள். மூட்டு இளகும், மனமும் இளகும். தசைக்கு அதில் வேலை இல்லை. ஓடுவதற்கு முன் ஒரு நிமிடம் ஏறலாம். இடுப்பைத் திருப்பும் வட்டத் தட்டு வேறு விஷயம். முதுகுவலி உள்ளவர்கள் அதன் பக்கமே போக வேண்டாம். வயிறு கரையும் என்று நம்பி அதில் சுழல்பவர்களைப் பார்க்கும்போதெல்லாம், வயிறு கரைவதற்குள் முதுகு கழன்றுவிடுமே என்று எனக்குப் பதறும்.

தள்ளுவதற்கு நம்மிடம் தண்டால் இருக்கிறது. தரையில் எடுக்க முடியவில்லை என்றால் வெட்கப்பட ஒன்றுமில்லை. பெஞ்சின் முதுகுச் சட்டத்தில் கையை ஊன்றி எடுங்கள். சட்டம் உயரமாக இருக்க இருக்க இலகு. பத்து எடுக்க வந்ததும் பெஞ்சின் இருக்கைக்கு இறங்குங்கள்; அதிலும் பத்து வந்தால் தரைக்கு. தலை முதல் குதிகால் வரை ஒரே பலகையாக இருக்க வேண்டும், நடுவில் வயிறு தொய்யக் கூடாது. மேலே உச்சியில் பத்து விநாடி அப்படியே நின்றால், உடம்பை விறைப்பாக நிறுத்தும் பயிற்சியும் அதிலேயே முடிந்துவிடுகிறது. இரட்டைக் கம்பியில் உடம்பை இறக்கி ஏற்றுவதை முதல் மூன்று மாதத்துக்குத் தொட வேண்டாம். தோள்மூட்டு அதற்குத் தயாராக இருக்காது.

காலுக்குத் தோப்புக்கரணம். பள்ளிக்கூடத்தில் கெத்தோக் கெத்தம்பி போட்ட தலைமுறைக்கு இதைப் படம் வரைந்து காட்ட வேண்டியதில்லை. தண்டனைக்குப் போட்டதை வேகமாகப் போட்டிருப்போம். இப்போது மூன்று எண்ணி இறங்கி, ஒன்று எண்ணி எழுங்கள். குதிகால் தரையை விட்டு எழும்பக் கூடாது. முட்டி கால்விரல் பார்க்கும் திசையிலேயே போகட்டும், உள்ளே சாயக் கூடாது. முட்டிவலி இருந்தால் பெஞ்சு நுனியில் உட்கார்ந்து எழுந்தாலே போதும். இன்னொன்று, முட்டியின் உயரத்துக்கு மேற்படாத படியில் ஒரு காலால் ஏறி, அதே காலால் மெல்ல இறங்குவது. இறங்குவதுதான் பயிற்சி, ஏறுவதில் பாதி நேரம் பின்காலால் உந்திக் கள்ளத்தனம் செய்துவிடுவோம்.

சமநிலைக்கு ஆளில்லாத பாதையோரக் கல்வரம்பு போதும். அறுபதைத் தாண்டியவர்கள் இதைச் சின்னப் பிள்ளை விளையாட்டு என்று ஒதுக்க வேண்டாம். கணுக்கால் மடங்கி விழுவது அந்த வயதில்தான்.

தொங்குவது

இழுப்பதற்கு மட்டும் தனித் தலைப்பு. தண்டாலும் தோப்புக்கரணமும் வீட்டு ஐந்தடியில் செய்யலாம். தொங்குவதற்கு ஒரு கம்பி வேண்டும், அந்தக் கம்பி பூங்காவில் இருக்கிறது. ஓடும் பாதையைத் தேர்ந்தெடுக்கும்போது தலைக்கு மேல் கை எட்டும் உயரத்தில் ஒரு கம்பி அதில் வருகிறதா என்று மட்டும் பாருங்கள். மற்ற எல்லாவற்றுக்கும் மாற்று உண்டு.

நான் இதைத் தப்பாகக் கற்றவன். ஆறேழு வருடத்துக்கு முன், ஒரு பூங்காவில் இளைஞர்கள் வரிசையாகப் புல்-அப் எடுப்பதைப் பார்த்துவிட்டு, வேகமாக ஓடி வந்த மூச்சோடு கம்பியில் எகிறினேன். முதல் இரண்டு வந்தது. மூன்றாவதுக்குக் காலை உதறி முறுக்கினேன். இடது தோளில் ஏதோ நழுவிய மாதிரி ஒரு சத்தம். மூன்று மாதம் சட்டை போடுவதற்கே மனைவியின் துணை வேண்டியிருந்தது.

அதனால் சொல்கிறேன், முதல் மாதம் இழுக்கவே வேண்டாம். தொங்குங்கள். கட்டைவிரல் கம்பியைச் சுற்றி வரட்டும். தோளைக் காதுவரை ஏறவிடாமல், கழுத்து நீளமாகத் தெரியும்படி கொஞ்சம் கீழே இழுத்து வைத்துக்கொள்ளுங்கள். பத்து விநாடியில் தொடங்கி முப்பது வரை போகலாம். முழு எடை தாங்கவில்லையா, கால்விரல் தரையைத் தொட்டுக்கொண்டே இருக்கட்டும். எடையில் பாதி கைக்கு, பாதி காலுக்கு. முப்பது விநாடி வந்த பிறகு அடுத்த படி: ஒரு கல் மீதோ பெஞ்சு மீதோ ஏறி, தாடை கம்பிக்கு மேல் இருக்கும்படி பிடித்துக்கொண்டு, ஐந்து எண்ணி மெல்ல இறங்குங்கள். மூன்று முறை. தசை நீளும்போது அதற்கு வலிமை அதிகம், ஏற முடியாதவரும் இறங்கலாம். எட்டு எண்ணி மூன்று முறை இறங்க வந்துவிட்டால், ஒருநாள் கீழிருந்து முயன்று பாருங்கள்.

இடுப்பு உயரக் கம்பி இருந்தால் இன்னொரு வழி. அதன் கீழே மல்லாக்கச் சாய்ந்து, குதிகாலை ஊன்றி, நெஞ்சைக் கம்பிக்கு இழுப்பது. பெண்களுக்கும் எடை கூடியவர்களுக்கும் நான் முதலில் இதைத்தான் கொடுப்பேன்.

கொடுப்பேன் என்று எழுதும்போதே ஓர் அக்கா நினைவுக்கு வருகிறார். அறுபத்திரண்டு வயது, சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் இருபது வருடம் பால் வெட்டியவர். மகள் வற்புறுத்தி நடைக்கு அழைத்து வந்திருந்தார். நான் தொங்குவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஏன் தம்பி, இப்படித் தொங்குனா ஒசரமாயிருவமா?" என்றார்.

"ஒசரம் ஆவாதுக்கா. கை பலமாவும்."

"எங் கைக்கு என்ன கொறச்சல்?" என்று சொல்லிக்கொண்டே துப்பட்டாவை இடுப்பில் செருகிக் கம்பியைப் பிடித்தார். அந்தப் பிடியைக் கவனித்தேன். விரல்கள் கம்பியைத் தேடவில்லை; நேரே போய் மூடிக்கொண்டன. வலது கட்டைவிரலின் அடியில் கத்திப்பிடி உராய்ந்த காய்ப்பு, தோட்டத்தை விட்டு இத்தனை வருடமாகியும், வெளிறிப்போய் அப்படியே இருந்தது. கடிகாரத்தைப் பார்த்தேன், இருபத்திரண்டு விநாடி. அன்று என்னுடையது பதினெட்டு.

தோப்புக்கரணத்தில் மட்டும் முட்டி அவருக்கு ஒத்துழைக்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து எழுவதோடு நிறுத்தினோம்.

கோலா கங்சாரில் ஒரு சுற்று

ஊருக்கு ஊர் பாதை வேறு. ஈப்போவில் போலோ கிரவுண்ட், தைப்பிங்கில் ஏரிப் பூங்கா என்று சமதளப் பாதைகள் இருக்கின்றன. அங்கே எந்த வரிசையில் செய்தாலும் பெரிய குற்றமில்லை. கோலா கங்சாரில் மேடு குறுக்கிடும். அதனால் வரிசையை நிலம் தீர்மானிக்கிறது.

நான் மரத்தடியிலிருந்து மணிக்கூண்டு வழியாக ஆற்றங்கரைக்கு மெதுவாக இறங்குவேன். பேராக் ஆற்றில் சாயோங் கரைக்குப் போகும் படகு அந்நேரம் பெரும்பாலும் கட்டியே கிடக்கும். எட்டு நிமிடம், மூச்சிரைக்காமல் பேசிக்கொண்டே ஓடும் வேகம். கரையோரத்தில் கிடைக்கும் பெஞ்சில் தண்டால். அடுத்து ஜாலான் இஸ்தானா வழியாக புக்கிட் சண்டான் ஏற்றம். ஏறுவதற்கு முன் தோப்புக்கரணம் போடக் கூடாது. களைத்த காலோடு மேடு ஏறினால் வேகம் போகும், அதே காலோடு சரிவில் இறங்கினால் முட்டி போகும். ஏற்றத்துக்கு முன் கையை மட்டும் களைப்பாக்குங்கள்.

மேலே உபுடியா பள்ளிவாசல், அதைத் தாண்டி இஸ்தானா இஸ்கண்டாரியா. 1917-இல் கட்டி முடித்த அந்தப் பள்ளிவாசலின் பொன்னிறக் குவிமாடத்தின்மேல் முதல் வெயில் விழும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தால் நிமிடக் கணக்கெல்லாம் மறந்துபோகும். அங்கே பயிற்சி வேண்டாம். பள்ளிவாசல் மதிலில் காலைத் தூக்கி வைத்து நீட்டுவதும், அரண்மனை வேலிக் கம்பியைப் பிடித்துக் குதிப்பதும் உடற்பயிற்சி ஆகாது, மரியாதைக் குறைவு. முட்டியை மூடும் கால்சட்டை போட்டுக்கொண்டு, பேச்சைக் குறைத்து, ஓடி மட்டும் கடந்து போங்கள். வெள்ளிக்கிழமை நண்பகலை ஒட்டி அந்தப் பக்கமே வேண்டாம். தொழுகைக்கு வரும் வண்டிகள் நெருக்கும்.

சரிவில் அடியைச் சிறிதாக்கி இறங்கி, மறுபடி சமதளத்துக்கு வந்தபின்தான் காலுக்கான நிறுத்தம். தொங்குவதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம். அதற்கு முன் இரண்டு நிமிடம் நடந்து மூச்சையும் உள்ளங்கையையும் ஆறவிடுங்கள். வியர்த்த கை வழுக்கும்.

தோட்டத்துச் செம்மண் சாலையில் ஓடுகிறவர்களும் உண்டு. கித்தா போய் செம்பனை வந்துவிட்டது, ஆனாலும் நிழலும் மண்தரையும் காலுக்குச் சுகம். அனுமதி கேட்டுக்கொண்டு போங்கள். நாய்கள் இருக்கும், தனியாகப் போகாதீர்கள். அங்கே கம்பி கிடைக்காது. தாழ்ந்த கிளையைத் தேட வேண்டாம். நான் தேடியிருக்கிறேன். ஒடிந்தது கிளை, அடிபட்டது இடுப்பு.

கம்பியைப் பிடிக்கும் முன்

முதலில் ஆட்டிப் பாருங்கள். அடியில் நட்டு கழன்றிருந்தால் கம்பி முனகும். துரு பிடித்த இடத்தில் உள்ளங்கை கிழியும். பிறகு குழாயின் முனையைப் பாருங்கள். மூடி விழுந்த குழாய்க்குள் குளவி கூடு கட்டும். ஒருநாள் கையை வைத்த பிறகுதான் உள்ளேயிருந்து அந்த ரீங்காரம் கேட்டது. கேட்ட பிறகு நான் ஓடிய வேகம் என் வாழ்நாள் சாதனை. மரத்தை ஒட்டிய கம்பி என்றால் செவ்வெறும்பு. அதிகாலையில் பனி ஈரம், ஒரு சின்னத் துண்டு இடுப்பில் இருக்கட்டும். உடைந்ததைக் கண்டால் படம் எடுத்து நகராண்மைக் கழகத்துக்குப் புகார் அனுப்புங்கள்.

சூரியன் இங்கே ஏழு, ஏழேகாலுக்கு எழும். எட்டரைக்குள் வீடு திரும்பிவிடுவது நல்லது. நம் ஊர் ஈரக்காற்றில் வியர்வை வழியுமே தவிர உலராது, உலராத வியர்வை உடம்பைக் குளிரவைக்காது. மாலையில் வந்தால் இடியைக் கவனியுங்கள். தூரத்தில் ஒரு முழக்கம் கேட்டாலும் உலோகக் கம்பியைவிட்டு இறங்கி, கட்டடத்துக்குள் போய்விட வேண்டும், மரத்தடிக்கு அல்ல. புகைமூட்டக் காலத்தில் ஐபியு எனும் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீட்டைப் பாருங்கள். 100-ஐத் தாண்டினால் அன்று வீட்டுக்குள் தண்டால் மட்டும்.

இரத்த அழுத்தம் உள்ளவர்கள் தொங்கும்போதும் விறைத்து நிற்கும்போதும் மூச்சைப் பிடிக்கக் கூடாது. எண்ணிக்கையை வாய்விட்டுச் சொன்னால் மூச்சு தானாக ஓடும். இன்சுலினோ, சர்க்கரையை இறக்கும் மாத்திரையோ எடுப்பவர்கள் மருத்துவரிடம் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள், பையில் இரண்டு மிட்டாய் இருக்கட்டும். கை நடுங்கி, திடீரென்று குளிர்ந்து வியர்த்தால் அது உழைப்பின் களைப்பல்ல. நெஞ்சு இறுகினால் அந்த இடத்திலேயே நிறுத்தி உதவிக்கு ஆளைக் கூப்பிடுங்கள்.

இன்னொரு ஆபத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பல வருடம் சும்மா இருந்த உடம்போடு, பழைய வீராப்பில் முதல் நாளே இருநூறு தோப்புக்கரணம் போட்டால் தசை நார் சிதைந்து அதன் கழிவு சிறுநீரகத்தை அடைக்கலாம். மறுநாளோ அதற்கடுத்த நாளோ சிறுநீர் தே ஓ நிறத்தில் போனால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் நேரே மருத்துவமனை.

எவ்வளவு, எத்தனை நாள்

முடிகிறதில் பாதி. பன்னிரண்டு தண்டால் எடுக்க வருமானால் நிறுத்தத்தில் ஆறு. இருபது விநாடி தொங்க வருமானால் பத்து. அடுத்த நிறுத்தத்துக்கு ஓட மூச்சும் காலும் மிச்சம் இருக்க வேண்டும், அதற்குத்தான் இந்தக் கணக்கு. பூங்காவைச் சுற்றி இரண்டாம் சுற்று வரும்போது மீதிப் பாதியைச் செய்துகொள்ளலாம். நிறுத்தத்தில் ஒரு நிமிடத்துக்கு மேல் நிற்காதீர்கள். அடுத்த நிறுத்தத்துக்கு மூன்று நான்கு நிமிட ஓட்டம். முன்னும் பின்னும் நடையைச் சேர்த்து மொத்தம் நாற்பத்தைந்து நிமிடம்.

வாரத்தில் இரண்டு நாள், நடுவில் இரண்டு நாளாவது இடைவெளி. செவ்வாயும் சனியும் என் நாட்கள். மற்ற நாளில் சாதாரண ஓட்டமோ நடையோ. சனிக்கிழமை முடித்துக்கொண்டு கடையில் பசியாறும்போது தே ஓ கோசோங். ரொட்டி சானாய் ஒன்று, இரண்டாவதைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை.

ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். தொங்கிய விநாடி, தண்டால், தோப்புக்கரணம், மூன்றே எண். இரண்டு வாரம் அதே எண் இலகுவாக வந்தால் ஒன்றோ இரண்டோ கூட்டுங்கள். மழையில் போக முடியாத நாளில் கட்டத்தில் 'மழை' என்று எழுதிவிட்டு, அடுத்த முறை பழைய எண்ணிலிருந்தே தொடருங்கள்.